மேப்பிள் சிரப் வாங்குவதென்றால் கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள்

கனடாவில் இருக்கிற கிச்சனர் நகரத்துக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. மேப்பிள் மரத்துச் சாறைக் காய்ச்சி எடுக்கிற பாகுதான் மேப்பிள் சிரப். முதல் வருடம் முழுக்க நாங்கள் மேப்பிள் சிரப் என்று நினைத்து ஊற்றிச் சாப்பிட்டது மேப்பிள் சிரப்பே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பான்கேக் மாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பாட்டில், நாலு டாலர் சொச்சம். பின்பக்கம் திருப்பிப் படிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. படித்திருந்தால் சோளத்திலிருந்து எடுத்த சர்க்கரைப் பாகு, நிறத்துக்குக் கேரமல், செயற்கை மணம் என்று போட்டிருப்பது தெரிந்திருக்கும். என் மூக்குக்கு மட்டும் ஏதோ சந்தேகம். "இதுல வெந்தய வாசனை அடிக்குதே" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

நான் சொன்னது தப்பில்லை. வெந்தயத்தின் வாசத்துக்குக் காரணமான சோடலான் என்ற பொருள் மேப்பிள் சிரப் மாதிரியே மணக்கும். அதனால் போலி சிரப்புக்கு வாசனை ஏற்ற வெந்தயச் சாற்றைப் பயன்படுத்துவதுண்டு. நியூயார்க்கில் 2005-லிருந்து திடீர் திடீரென்று பாதி ஊருக்கு மேப்பிள் சிரப் வாசம் அடித்தது. ஜனங்கள் பயந்துபோய் நகராட்சிக்குப் போன் போட்டார்கள். 2009-ல்தான் விஷயம் பிடிபட்டது: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஒரு வாசனைப் பொருள் தொழிற்சாலையில் வெந்தயம் அரைபட்டுக்கொண்டிருந்தது. யாராவது ஒரு தமிழ்ப் பொம்பளையைக் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

சரி, நான் எழுத வந்தது நல்ல சிரப்பைப் பற்றி. கிச்சனருக்குப் பக்கத்து ஊரான எல்மிராவுக்கு வடக்கே, மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மேப்பிள் தோட்டம். இங்கே அதை சுகர் புஷ் என்பார்கள். பெயர் போடவில்லை. குதிரை வண்டியில் போகிறவர்கள், போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், விளம்பரம் வேண்டாம் என்று இருக்கிறவர்கள். நான் பெயரைப் போட்டு அங்கே கார் வரிசை கட்டி நிற்க வைப்பது நியாயமில்லை. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. மார்ச் மாதம் அந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் போனால் பண்ணை வாசலில் கையால் எழுதிய பலகை வரிசையாகக் கண்ணில் படும். "மேப்பிள் சிரப். ஞாயிறு விற்பனை இல்லை." அவ்வளவுதான் எழுத்து.

அங்கே போனதற்கு முந்தின வருடம் டொரண்டோ பக்கம் ஒரு பிரபலமான இடத்துக்குப் போய்ப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்திருந்தோம். நாலு பேருக்கு நுழைவுச் சீட்டு, கார் நிறுத்தக் காசு, டிராக்டர் வண்டிக்குத் தனி, பான்கேக்குக்குத் தனி. ஒண்ணேகால் மணி நேரம் வரிசையில் நின்றதற்குக் கிடைத்தது மூன்று ஆறிப்போன பான்கேக்கும், ரயிலில் தருகிற ஊறுகாய்ப் பொட்டலம் அளவுக்கு சிரப்பும். காய்ச்சுகிற கொட்டகைக்குக் கயிறு கட்டித் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டும் என்றால் அதற்கு எல்மிராவின் மேப்பிள் சிரப் திருவிழாவே மேல். 1965-லிருந்து வருடம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. 2000-ஆம் வருடம் ஒரே நாளில் 66,529 பேர் வந்து கின்னஸில் ஏறிய திருவிழா. ஊரே தெருவில் நிற்கும். ஆனால் மரத்தைப் பார்க்கணும், பாகு இறங்குவதைப் பார்க்கணும் என்பவர்களுக்கு இந்த மாதிரிச் சின்ன இடம்தான் சரி.

நாங்கள் போனது மார்ச் மூன்றாவது சனிக்கிழமை. அம்மா உடன்குடியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவள் ஜன்னலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. "மரத்துல சாறு எடுத்துக் காய்ச்சுற எடம்மா, வா" என்று கூப்பிட்டேன். என் தாத்தா பனையேறி. கல்யாணம் ஆகிறவரைக்கும் அம்மாவுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் விடிலியில்தான் கழிந்தது. பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கோட்டு, அதற்கு மேல் என் கோட்டு, அதற்கு மேல் சால்வை என்று சுற்றிக்கொண்டு காரில் ஏறியவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தன அடி ஏறணும்?"

ஏறவே வேண்டாம். இதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே மரத்தில் ஒரு ஓட்டை, அதில் ஒரு சின்னக் குழாய், குழாயில் தொங்கும் தகர வாளி. ஓட்டை நம் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவு, எட்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆழம் நாலைந்து சென்டிமீட்டர். ஒரு சீசனுக்கு ஒரு தடவை போட்டால் போதும். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிற வேலை கிடையாது. அம்மா வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கப்பா நெஞ்சு பூரா தழும்பு தெரியுமாட்டி" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தழும்பு இந்த மரத்துக்கும் உண்டு. பண்ணைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுக் காட்டினார். போன வருடத்து ஓட்டை பாதி மூடியிருந்தது. அதற்கு முந்தின வருடத்தது கொப்பூழ் மாதிரி சுருங்கி மூடிவிட்டது. மூடின இடத்துக்கு உள்ளே இருக்கிற மரம் இனிமேல் சாறு கடத்தாது. அதனால் புது ஓட்டையைப் பழசிலிருந்து தள்ளித்தான் போட வேண்டும். குறுக்களவு 25 சென்டிமீட்டர் வராத மரத்தைத் தொடவே கூடாது. அந்த அளவுக்கு வளர சுமார் 40 வருடம் ஆகும். "இப்ப நீங்க பாக்குறது எங்க தாத்தா நட்டதில்ல, அவருக்கும் முன்னாலயே இருந்தது" என்றார்.

சாறு எப்படி வருகிறது என்பதை அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். இரவு பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும், பகலில் மேலே வர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஓட்டம். இரவில் உறையும்போது மரம் வேரிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. மரத்துக்குள் இருக்கிற காற்றுக் குமிழ்கள் பனிக்கட்டிக்குள் அமுங்கிக் கிடக்கின்றன. வெயில் பட்டு இளகினதும் அவை விரிந்து சாறை அழுத்துகின்றன. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியே வருகிறது. நாலு நாள் தொடர்ந்து குளிர்ந்தே கிடந்தாலும் வராது, சூடாகவே இருந்தாலும் வராது. அதனால் சீசன் மொத்தமே நாலு வாரம், ஆறு வாரம். நாங்கள் போன நாள் இரவு மைனஸ் நாலு, பகல் ஆறு. வாளிக்குள் டிங், டிங் என்று விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

ஒரு குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார். தண்ணீர்தான். ஐஸ் தண்ணீரில் யாரோ சீனிக் கரண்டியைக் கழுவின மாதிரி ஒரு சின்ன இனிப்பு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதயா காய்ச்சுதான்?" பதனி குடித்து வளர்ந்த நாக்குக்கு இது அநியாயம்தான். சாறில் சர்க்கரை சுமார் இரண்டு சதவீதம். 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். வாளி கட்டின ஒரு ஓட்டை ஒரு சீசன் முழுக்கத் தருவது கிட்டத்தட்ட அந்த 40 லிட்டர்தான். அதாவது உங்கள் கையில் இருக்கிற ஒரு லிட்டர் பாட்டில் ஒரு ஓட்டையின் ஒரு வருடச் சம்பாத்தியம். எங்கள் ஊரில் எட்டு, பத்து லிட்டர் பதனிக்கு ஒரு கிலோ கருப்பட்டி இறங்கும் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். பண்ணைக்காரர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு அந்த மரம் எத்தனை அடி உயரம் என்று கேட்டார். எழுபது, எண்பது அடிகூடப் போகும், வெறும் காலால் ஏறணும் என்றேன். "அப்ப வேண்டாம்" என்றார்.

இன்னொரு விஷயமும் அங்கேதான் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற மரமும் மேப்பிள்தான். நாமே ஓட்டை போடலாம் என்று வீட்டுக்காரர் ஒரு வருடமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். பண்ணைக்காரர் ஒரு கிளையை வளைத்து மொட்டைக் காட்டினார்: பழுப்பு நிறம், ஊசி மாதிரி கூர்மை. அதுதான் சுகர் மேப்பிள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்கள் மரத்தின் மொட்டு குண்டாக, மழுங்கலாக, கொஞ்சம் சிவந்து இருந்தது. கோடையில் இலைக்காம்பைக் கிள்ளினபோது பால் வந்தது. நார்வே மேப்பிள். நகரத்துத் தெருக்களில் நிழலுக்காக நட்டது. சுகர் மேப்பிள் காம்பில் பால் வராது. உங்கள் வீட்டு மரத்தில் துளைபோடும் எண்ணம் இருந்தால் முதலில் காம்பைக் கிள்ளிப் பாருங்கள்.

இனி கொட்டகை. இந்த இடத்துக்கு நான் கொடுக்கிற மார்க்கில் முக்கால்வாசி இதற்குத்தான். சுகர் ஷாக் என்பார்கள். உச்சியில் திறப்பு வைத்த பலகைக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் கண்ணாடி மூடிக்கொண்டது, அவ்வளவு ஆவி. நடுவில் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கிற தட்டையான எஃகுத் தொட்டி, உள்ளே தடுப்பு தடுப்பாக. கீழே விறகு. ஒரு முனையில் சாறு நுழைகிறது, தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்து மறு முனையில் பாகாக நிற்கிறது. பெரிய பண்ணைகளில் காய்ச்சுவதற்கு முன்பே இயந்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். இவர்கள் அதெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை பையன் ஒருவன் அடுப்புக் கதவைத் திறந்து விறகு தள்ளினான். நுரை பொங்கி வந்தால் பண்ணைக்கார அம்மா ஒரு துளி வெண்ணெய் போட்டார். பொங்கின நுரை அப்படியே அடங்கியது. "நாங்க ஆமணக்கு முத்த நசுக்கிப் போடுவோம்" என்று அம்மா தமிழிலேயே அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். என்ன புரிந்ததோ தெரியாது, இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் நின்றார்கள்.

பதம் பார்ப்பதில்தான் அம்மாவுக்குத் தகராறு. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் நாலு டிகிரி, அதாவது 104 டிகிரி வந்ததும் இறக்கிவிடுகிறார்கள். அகலமான கரண்டியால் அள்ளிச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் விளிம்பில் துணி மாதிரி தொங்கி விழ வேண்டும். அதன்பின் ஒரு மிதவைக் கண்ணாடியை விட்டு சர்க்கரை 66 சதவீதம் வந்துவிட்டதா என்று சரிபார்க்கிறார்கள். அம்மாவுக்கு அது வெறும் ஆரம்பம். "பாதியிலயே எறக்குதாளே! இன்னும் கம்பிப் பதமே வரலயே" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இதுதாம்மா இவங்களுக்கு வேணும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. இந்தத் தொழிலை இங்கே முதலில் செய்தவர்கள் பூர்வகுடி மக்கள். அனிஷினாபே மொழியில் இந்த மரத்துக்கு இனினாதிக் என்று பெயர். அவர்கள் பெரும்பாலும் செய்து வைத்தது சிரப் இல்லை, சர்க்கரை. பாகாகப் பாதியில் நிறுத்தாமல் கட்டியாகும்வரை காய்ச்சி, பிர்ச் மரப்பட்டையில் தைத்த பெட்டிகளில் வருடம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். அப்புறம் வந்த வெள்ளைக்காரர்களும் வெகுகாலம் சர்க்கரையாகத்தான் செய்தார்கள். அமெரிக்காவில், பின்னால் ஜனாதிபதியான ஜெபர்சன் காலத்தில், அடிமைகளை வைத்து விளைவித்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்று இதுதான் என்று சிலர் பிரசாரமே செய்தார்கள். ஜெபர்சன் 1791-ல் வர்ஜீனியாவில் தன் தோட்டத்தில் மேப்பிள் கன்றுகள் நட்டுப் பார்த்தார். அது உருப்படவில்லை. அவர் தோட்டத்தில் வேலை செய்ததும் அடிமைகள்தான் என்பதையும் சேர்த்துப் படிக்கணும். கரும்புச் சர்க்கரை மலிவானபின்தான் மேப்பிள் பாட்டிலுக்குள் போனது.

ருசி பார்ப்பது இலவசம். நாலு சின்னக் காகிதக் கிண்ணத்தில் நாலு நிறம். கனடாவில் இந்த நாலுமே ஏ கிரேடுதான், ஆகவே "ஏ கிரேடு" என்று பார்த்து மயங்க வேண்டாம். வெளிச்சம் எவ்வளவு ஊடுருவுகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். நூற்றுக்கு 75-க்கு மேல் போனால் கோல்டன், அடுத்து ஆம்பர், அடுத்து டார்க். 25-க்குக் கீழே என்றால் வெரி டார்க். சீசன் ஆரம்பத்தில் இறங்குவது வெளுப்பு. வெயில் ஏற ஏற சாறில் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையை உடைக்கின்றன. உடைந்த சர்க்கரை காய்ச்சும்போது சீக்கிரம் கறுக்கிறது. கடைசியில் மொட்டு உப்பத் தொடங்கியதும் சாறு ஒரு மாதிரி கெட்ட வாடை அடிக்கும். அதோடு வாளியைக் கழற்றிவிடுவார்கள்.

கோல்டன் எனக்கு ஒன்றுமே இல்லை. நல்ல நிறம், கண்ணாடி இலை வடிவ பாட்டிலில் ஊற்றி விமான நிலையத்தில் விற்பது இதைத்தான். நாக்கில் வைத்தால் இனிப்பு வரும், போகும். ஆம்பர் பரவாயில்லை, பான்கேக்குக்கு அதுதான் எல்லாரும் வாங்குவது. வெரி டார்க் கிண்ணத்தை வாயில் வைத்த அம்மா கண்ணை மூடினாள். "இது நம்ம சரக்கு." புகை, கொஞ்சம் கசப்பு, அடியில் வறுத்த வாசம். கருப்பட்டி இல்லை, ஆனால் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இங்கேயுள்ளவர்கள் இதைச் சமையலுக்கு, பேக்கரிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ரொம்ப நல்லது, நமக்குத் தட்டுப்பாடு வராது.

நாங்கள் கொடுத்த விலை: வெரி டார்க் ஒரு லிட்டர் 24 டாலர், கோல்டன் அரை லிட்டர் 14, மேப்பிள் சர்க்கரை ஒரு சின்னப் பை 10. ரொக்கம் மட்டும். கார்டு இயந்திரம் கிடையாது, பக்கத்தில் ஏடிஎம்மும் கிடையாது. கோல்டன் வாங்கியது வீட்டுக்காரர், பாட்டில் அழகாக இருக்கிறதாம். விலை ஏன் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: உலக உற்பத்தியில் 70 சதவீதம் கியூபெக்கிலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு கோட்டா வைத்து, பீப்பாய் பீப்பாயாகச் சேமித்தும் வைக்கிறது. 2011, 2012-ல் அந்தச் சேமிப்புக் கிடங்கிலிருந்து சுமார் மூவாயிரம் டன் சிரப்பைத் திருடினார்கள். மதிப்பு ஒரு கோடியே எண்பது லட்சம் டாலருக்கு அருகில். பீப்பாயில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஊர்ப் பால்காரரிடம் பயிற்சி எடுத்தார்களோ என்னவோ.

பனியில் டாஃபி என்று ஒன்று தருவார்கள். குழந்தைகளோடு போனால் இதற்காகவாவது போகலாம். சிரப்பை இன்னும் பத்து டிகிரி போலக் கூடுதலாகக் காய்ச்சி, சுத்தமான பனியை ஒரு தொட்டியில் தட்டி வைத்து, அதன்மேல் கோடாக ஊற்றுகிறார்கள். அரை நிமிஷத்தில் மிட்டாய் மாதிரி இழுபடும், ஒரு ஐஸ் குச்சியில் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான். என் மகன் நாலு சாப்பிட்டான். ஆச்சிக்கு ஒன்று கொடுத்தான். பல்செட்டில் ஒட்டிக்கொண்டு காரில் வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. சைவக்காரர்கள் கியூபெக் பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை: அங்கே சுகர் ஷாக்கில் முழுச் சாப்பாடே போடுவார்கள், ஆனால் பட்டாணி சூப்பிலும் பீன்ஸிலும்கூடப் பன்றிக்கறி இருக்கும். கேட்டுவிட்டு உட்காருங்கள். இந்தத் தோட்டத்தில் சாப்பாடே கிடையாது என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

குறை என்று பார்த்தால்: சேறு. பனி உருகுகிற காலம், கணுக்காலுக்கு மேல் சேறு, நல்ல பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் தோப்புக்குள் போக முடியாது. கழிப்பறை ஒரு பிளாஸ்டிக் கூண்டு, குளிரில் அதற்குள் போவது ஒரு தவம். யாரும் உட்காரவைத்து விளக்கம் சொல்ல மாட்டார்கள், வேலைக்கு நடுவில் கேட்டால் பதில் வரும். எனக்கு இது பிடித்திருந்தது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

வாசல் மேசையில் வெட்டுப்பலகையும் இருந்தது, 40 டாலர். இந்த மரத்துக்குத் தச்சர்கள் வைத்திருக்கும் பேர் ஹார்ட் மேப்பிள். பேருக்கு ஏற்ற கட்டை. கூடைப்பந்து மைதானத் தரை, பௌலிங் ஆடுகிற தரை எல்லாம் இதுதான். பேஸ்பாலில் 2001-ல் பாரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்துச் சாதனை செய்தது மேப்பிள் மட்டையால். அந்த மட்டைகளை உருவாக்கியவர் ஒட்டாவாவில் இருந்த சாம் ஹோல்மன் என்ற தச்சர். நான் வாங்கின பலகை ஒரு வருடமாக முருங்கைக்காய், மீன், கோழி எல்லாம் பார்த்துவிட்டது. கோடு விழுகிறது, பள்ளம் விழவில்லை. ஒரே தொல்லை நிறம். பால் மாதிரி வெளுத்த மரம், முதல் வாரமே பச்சை மஞ்சள் நறுக்கி நடுவில் மஞ்சள் பூசினேன். தேய்த்தும் போகவில்லை. ஜன்னல் வெயிலில் நாலு நாள் வைத்ததும் மங்கிவிட்டது. தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், மாதம் ஒரு தடவை எண்ணெய் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை பிடிக்கும், மினரல் ஆயில் வாங்குங்கள்.

சிரப்பை வீட்டில் எப்படிச் செலவழித்தோம் என்றால், முதலில் சுக்குக் காபி. கருப்பட்டிக்குப் பதில் ஒரு கரண்டி வெரி டார்க். அம்மாவே இரண்டாம் டம்ளர் கேட்டாள். ஆப்பத்துக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பிரமாதம். இடியாப்பத்துக்கு நன்றாக இருந்தது, நெய் தோசைக்கு அதைவிட. பில்டர் காபியில் மட்டும் ஊற்றாதீர்கள், இரண்டும் சண்டை போடும். அதிரசம் முயற்சி செய்தேன். வெல்லப் பாகுக்குப் பதில் பாட்டிலிலிருந்து அப்படியே மாவில் ஊற்றிவிட்டேன். மாவு தோசை மாவாகி, எண்ணெயில் போட்டதும் பிரிந்து வலையாகப் பரவியது. "பதம் வராத பாக ஊத்துனா என்ன ஆகும்?" என்று அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

பெரிய தவறு அதுவல்ல. கருப்பட்டி மாதிரிதானே என்று திறந்த பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்துத் திறந்தால் மேலே சாம்பல் நிறத்தில் வட்டமாகப் பூஞ்சை. கால் பாட்டில் குப்பைக்குப் போனது. பாட்டிலின் பின்பக்கம் திறந்தபின் பிரிட்ஜில் வைக்கவும் என்று எழுதித்தான் இருந்தது. ஆறு வருடமாகியும் பின்பக்கம் படிக்கிற பழக்கம் வரவில்லை. இப்போது பிரீசரிலேயே வைக்கிறேன், உறையாது, குளிர்ந்த தேன் மாதிரி மெதுவாக ஊற்றும். அந்தப் பூஞ்சையை அம்மா நீண்ட நேரம் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

மே மாதம் அவள் ஊருக்குக் கிளம்பினபோது, வீட்டில் யாரும் தொடாத அந்தக் கோல்டன் பாட்டிலைக் கேட்டாள். கறுப்பை எடுத்துட்டுப் போம்மா என்றேன். வேண்டாம் என்றாள். வெளுத்த பாகுதான் நன்றாகக் கட்டியாகும், கறுத்தது கட்டிப்படாது என்று அந்தப் பண்ணைக்கார அம்மா கையைக் காட்டி விளக்கினாராம். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை. இரண்டு சேலைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

ஜூனில் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் வீட்டு அடுப்படித் திண்ணை. இரண்டு தேங்காய்ச் சிரட்டை, அதில் மணல் நிறத்தில் இரண்டு வட்டு, மேலே சுக்குத் தூள். பின்னாலேயே குரல் செய்தி: "பாதியில விட்டத முடிச்சிட்டேன். இனிமே இது கெடாது."

இந்த மார்ச்சில் போனால் வெரி டார்க் இரண்டு லிட்டர், கோல்டன் அரை லிட்டர் வாங்க வேண்டும். பண்ணைக்கார அம்மாவுக்குக் கொடுக்க ஒரு சிரட்டைக் கருப்பட்டி, பனையுடையது, ஊரிலிருந்து ஏற்கெனவே வந்து பிரிட்ஜுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.